கருங்களிக்குக் கீழே

எனக்கு முன்னால் பிறந்து, எனக்கு முன்னாலேயே போய்விட்ட என் எஸ்தர் அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆராதனை முடிந்து வந்து, சோறு வடித்து, துணியை வாளியில் ஊறப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்தத் தண்ணீரில் சோப்பு நுரை கட்ட நேரமாகும். அதுவரை கை சும்மா இருக்கிறது. கை சும்மா இருந்தால் உன் ஞாபகம் வந்துவிடுகிறது.

இந்தத் தண்ணீர் என்கிறேன், உனக்கு எந்தத் தண்ணீர் என்று தெரியாது. நீ போனபோது நம் வீட்டுக் குழாயில் வந்தது வேறு. அடுத்த மாதம் உனக்கு வருஷம் திரும்புகிறது. இந்த ஒரு வருஷத்துக் கதை முழுக்கத் தண்ணீர்க் கதைதான் அக்கா. கல்லறைக்கு வரும்போதெல்லாம் சொல்ல நினைப்பேன். பக்கத்தில் மாமா நிற்பார். உன் புருஷன் முன்னால் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. எழுதினால் சொல்லிவிடலாம் போலிருக்கிறது. உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும். வீடு கட்டி, தண்ணீருக்குப் போர் போடுகிறவர்கள் எல்லா ஊரிலும்தான் இருக்கிறார்கள்.

கும்மிடிப்பூண்டிக் கம்பெனிகளுக்குப் பின்னால், நெல் வயலை மட்டப்படுத்திக் கல் நட்டு விற்ற லேஅவுட்டில்தானே நாம் பக்கத்துப் பக்கத்தில் மனை வாங்கினோம். அதே வயலில் அம்மா கூலிக்கு நாற்று நட்டவள். வயல்காரர் கிணற்றில் அவளாக வாளி விடக் கூடாது. குடத்தைத் தள்ளி வைத்துவிட்டு நிற்பாள். யாராவது இறைத்து ஊற்றினால் உண்டு. தாகம் என்றால் குனிந்து இரண்டு கையையும் ஏந்த வேண்டும். நான் சின்னவள், எனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம். நீ எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றவள்.

அதனால்தான் மனை நம் பேருக்கு வந்த அன்றே நீ சொன்னாய்: “இனிமே எவன் வாசல்லயும் கொடத்தோட நிக்க மாட்டேன்டி. ஊடு அப்பறம் கட்டிக்கலாம். மொதல்ல போரு.”

அஸ்திவாரம் தோண்டும் முன்பே போர் போட்ட வீடு நம் தெருவில் உன்னுடையது ஒன்றுதான். ஏழுமலை அண்ணன் நான்கு ஆட்களோடு வந்து முக்காலி நட்டு, வண்டி இல்லாமல் ஆள் பலத்தாலேயே இறக்கும் கைபோர் போட்டார். கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு நீ பக்கத்திலேயே நின்றாய். குழாய் இறங்க இறங்க வெளியே வந்த மண்ணையெல்லாம் கையில் அள்ளிப் பார்த்தாய். முதலில் மஞ்சள் களி. பிறகு பொடி மணல். அதற்கும் கீழே, உருண்டைக் கூழாங்கல்லோடு பளபளவென்று பருமணல். வயலுக்கு அடியில் ஆற்று மணல் எப்படி வந்தது என்று நீ கேட்டாய்.

“இது பழைய ஆறும்மா. ஆரணியாறு எப்பவோ ஒரு காலத்துல இந்தப் பக்கமா ஓடிக்கீது. இப்போ அது இடம் மாறிப் போச்சு. மணலும் தண்ணியும் இங்கியே தங்கிடுச்சு,” என்றார் ஏழுமலை அண்ணன்.

உனக்கு அன்றைக்கு என்ன சந்தோஷம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், எங்க மனைக்கு அடியில ஒரு ஆறு கீது என்று சொல்லிக்கொண்டிருந்தாய்.

மறுநாள் கருங்களி வந்தது. மை மாதிரி கறுப்பு. நடுவில் நொறுங்கிய சிப்பி. கழிமுகத்துச் சேற்று வாடை. ஏழுமலை அண்ணன் ஆட்களை நிறுத்தச் சொன்னார். “இதோட போதும். இதுக்குக் கீழயும் மணல் கீது, தண்ணியும் கீது. ஆனா உப்பு. இந்தக் களிதான் மூடி மாதிரி நடுவுல படுத்துக்கினு கீது. இதத் தொறக்கக் கூடாது.” நீ மறுபேச்சுப் பேசவில்லை. “சரி நைனா, நீ சொன்னா சரி,” என்றாய். கருங்களிக்கு மேலேயே நிறுத்திக் குழாய் இறக்கினார்கள். ஒரு போர், இரண்டு வீடு. உன் பக்கத்திலிருந்து என் பக்கத்துக்கு ஒரு குழாய் இழுத்துக் கொடுத்தாய். பாலாறு என்று பேர் வைக்கலாம் என்று மாமா கேலி செய்வார். அப்படி இனித்துக் கிடந்தது அந்தத் தண்ணீர்.

அதெல்லாம் உனக்குத் தெரிந்த கதை. தெரியாததைச் சொல்கிறேன்.

நீ கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். மாமா கம்பிக் கம்பெனியில் கிரேன் மேல் இருந்தார். இறங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு மாமா பேசவே இல்லை. ஷிப்டுக்குப் போவார், வருவார். உன் மகள் பிரிசி தட்டில் வைத்ததைச் சாப்பிடுவார். நீ சாப்பிட்டாயா என்று அவளைக் கேட்க மாட்டார். அவள் பாவம், கல்லூரி முடித்த கையோடு ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். காலையில் சமைத்து வைத்துவிட்டு ஓடுவாள். நானும் என் ஷிப்ட் முடிந்து வந்து இரண்டு வீட்டுக்கும் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் ட்ரெய்லர் லாரி எடுத்துக்கொண்டு போனால் வர நாலைந்து நாள் ஆகும். பேச ஆளில்லாமல் இரண்டு வீடும் கிடந்தது.

கோடை வந்தது. நீ இருந்தபோது காலியாகக் கிடந்த மனைகளில் பாதிக்கு மேல் இப்போது வீடு. வீட்டுக்கொரு போர். எல்லோரும் அந்த ஒரே மணலிலிருந்துதானே உறிஞ்ச வேண்டும்? சித்திரை பிறக்கும் முன்பே நம் மோட்டார் காற்றை இழுக்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் வரும், பிறகு கரகரவென்று சத்தம் மட்டும் வரும். டேங்கர் லாரி வர ஆரம்பித்தது. நானும் பிரிசியும் குடத்தோடு போய்த் தெருமுனையில் நின்றோம். ஒருநாள் மாமா ஷிப்ட் முடிந்து வரும்போது எங்களை அந்தக் கூட்டத்தில் பார்த்தார். வண்டியை நிறுத்தினார். பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்கு அடுத்த வாரம் நான் முதல் ஷிப்ட் முடித்து மதியம் வருகிறேன். நம் தெரு நீளத்துக்குச் சாம்பல் நிறத்தில் சேறு ஓடிக்கொண்டிருக்கிறது. உன் வாசலில் பெரிய போர் வண்டி. பழைய போருக்கு நாலடி தள்ளிப் புதிதாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் குவியலாகக் கிடந்தது கருங்களி. சிப்பியும் வாடையும் அப்படியே.

“மாமா, ஏழுமலை அண்ணன் இதுக்குக் கீழ போவக் கூடாதுன்னு சொல்லிக்கிறாரே,” என்றேன்.

மாமா என்னைப் பார்க்கவில்லை. போர் வண்டி ஏஜென்ட் ஒருவர் நின்றிருந்தார். அவர்தான் பதில் சொன்னார். “அது கைபோரு போடறவங்க பேச்சும்மா. அவங்களால அதுக்கு மேல எறக்க முடியாது, அதனால சொல்றது. கீழ போனாத்தான் ஊத்து. ரெண்டு தலைமொறைக்குக் கவலை இல்ல.”

“ரூபி, நீ உள்ள போ. நீங்க இனிமே டேங்கருக்கு நிக்க வேணாம்,” என்றார் மாமா. நீ போன பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். அதனால்தானோ என்னவோ, நான் மேலே ஒன்றும் பேசாமல் உள்ளே போனேன். உடம்பிலும் தெம்பு இல்லை. படுத்துத் தூங்கிவிட்டேன் அக்கா.

சாயங்காலம் தெருவே கூச்சல். எழுந்து வந்து பார்த்தால் தண்ணீர் ஆளுயரத்துக்கு அடிக்கிறது. பிள்ளைகள் நனைந்துகொண்டு ஆடுகிறார்கள். மாமா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குடத்தைக் கழுவி, ஒரு குடம் பிடித்து, உள்ளே கொண்டுபோய் உன் படத்துக்கு முன்னால் வைத்தார். வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார். உன் அடக்கத்தன்று கூட அவர் அப்படி அழவில்லை. நான் வாசலோடு திரும்பிவிட்டேன்.

முதல் சில நாள் தண்ணீர் லேசாகக் கரித்தது. புதுப் போர், அப்படித்தான் இருக்கும், போகப் போகத் தெளியும் என்றார்கள். போகப் போகக் கரிப்புதான் கூடியது. டீ போட்டால் பால் திரிந்தது. பருப்பு எத்தனை விசில் விட்டாலும் வேகவில்லை. குழாய் வாயில் வெள்ளையாகப் பொரிந்தது. சரி, இதை விட்டுவிட்டுப் பழைய போரில் வருகிற கொஞ்சத்தைக் குடிக்க வைத்துக்கொள்வோம் என்று அதன் மோட்டாரைப் போட்டேன். வாயில் ஊற்றிப் பார்த்தேன். அதுவும் உப்பு.

பிரிசிதான் ஏழுமலை அண்ணனைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தாள். அவர் புதுப் போர்க் குழாயைத் தட்டிப் பார்த்தார், நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டார். கோபமாகப் பேசுவார் என்று பயந்தேன். அவரும் களைத்த மனுஷன்தான். மெதுவாகத்தான் சொன்னார்.

“சல்லடைக் கொழாய மேல மணல்லயும் வெச்சிக்கிறான், கீழ உப்பு மணல்லயும் வெச்சிக்கிறான். நடுவுல அடைக்கல. கோடையில மேல தண்ணி எறங்கிக் கெடக்குது. கீழ இருந்து உப்பு இந்தக் கொழா வழியா ஏறி, மேல மணல்ல பூந்துக்கினு கீது. மோட்டாரு போட்டாலும் ஏறும், நிறுத்தினாலும் ஏறும். ஒங்க ஊட்டோட நிக்காதும்மா. மணல் தெரு பூராத்துக்கும் ஒண்ணுதான்.”

“இப்ப இன்னாண்ணா பண்றது?” என்றேன்.

“மூடணும். அடி வரைக்கும் அடைச்சு மூடணும்.”

உள்ளேயிருந்து மாமா கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வரவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது நான் பேச்செடுத்தேன். “மூட மாட்டேன் ரூபி,” என்றார். “ஒங்க அக்கா என்னாண்ட நகை கேக்கல, பொடவை கேக்கல. தண்ணி ஒண்ணுதான் கேட்டா. அது கொறஞ்சுபோனத அவ பாக்கறதுக்குள்ள போய்ட்டா. இத்தயும் மண்ணப் போட்டு மூடிட்டா, அவளுக்குன்னு நான் இன்னா பண்ணேன்?”

நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

அதற்குப் பிறகு தெருவில் வீடு வீடாக உப்பு ஏறியது. எதிர் வீட்டு அடிபம்பில் ஏறியது. மூலை வீட்டில் ஏறியது. யாரும் வந்து சண்டை போடவில்லை. நீ செத்த வீடு, அதனால் வாயை மூடிக்கொண்டார்கள். ஆனால் நான் கடைக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். சண்டை போட்டிருந்தால் தேவலை என்று தோன்றும். ஷிப்ட், டேங்கர், அடுப்பு, மறுபடி ஷிப்ட். இடுப்பில் குடம் வைத்து வைத்துத் தோல் தடித்துப்போனது. சில நாள் குளிக்காமலே படுத்துவிடுவேன்.

ஆடி மாதத்தில் ஒருநாள் காலை, வாசலில் முனிரத்தினம் வந்து நின்றார். ஞாபகம் இருக்கிறதல்லவா, அம்மா வேலை செய்த வயல்காரரின் மகன். லேஅவுட்டுக்கு விற்றது போக மிச்ச நிலத்தில் இன்னும் பயிர் வைக்கிறார். அவருடைய போர் நம் தெருவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. அவர் நம் வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

“தேவராஜு கீறாரா?” என்று கேட்டார். மாமா வெளியே வந்தார். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். கத்தப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“சம்பாவுக்கு நாத்து உட்டுக்கிறேன் தேவராஜு. நுனியெல்லாம் கருகிக்கினு வருது. தண்ணிய வாயில ஊத்திப் பாத்தேன், உப்பு. ரெண்டாவது தபா வெதைக்க எனக்கு முடியாது. வயசாய்டுச்சு. பசங்க வேற, வித்துட்டு வா வித்துட்டு வான்றாங்க.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நீ வேணும்னு பண்ணலன்னு தெரியும். ஆனா மூடினாத்தான் எல்லாரும் பொழைக்கலாம்.”

வெயில் ஏறியிருந்தது. பிரிசி உள்ளே போய், கேனிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, “குடிங்க அங்கிள்,” என்று நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அம்மா அவருடைய அப்பாவை ஐயா என்பாள். நான் இவரை அண்ணே என்கிறேன். உன் மகள் அங்கிள் என்கிறாள். அவர் நம் வீட்டு டம்ளரில் குடிக்கிறார். இதைப் பார்க்க நீ இல்லையே என்று நினைத்தேன். அடுத்த நிமிஷமே, தாகத்துக்குக் குடித்தார், இதில் என்ன இருக்கிறது என்றும் தோன்றியது. பெரிதாக நினைத்துச் சந்தோஷப்படவும் தெம்பு வேண்டுமே அக்கா.

அவர் போன பிறகு மாமா படியிலேயே உட்கார்ந்திருந்தார். பிரிசி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

“அப்பா, அம்மா உன்ன தண்ணி கேட்டாங்க. இது தண்ணி இல்லப்பா.”

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அவள் எழுந்திருக்கவில்லை. அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். வேலைக்கு நேரமாகிறது என்று நான் சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன். கடைசியில் மாமா, “ஏழுமலைய வரச் சொல்லு,” என்றார்.

மூடுவதும் லேசான வேலை இல்லை. குழாயை உருவும்போது பாதியில் முறிந்தது. அதைப் பிடித்து எடுக்கவே ஒருநாள் போயிற்று. முதலில் அடியில் களி போக வேண்டும் என்றார் ஏழுமலை அண்ணன். வண்டிக்காரன் தெரு ஓரம் கொட்டிவிட்டுப் போன கருங்களி காய்ந்து கட்டி கட்டியாகக் கிடந்தது. அதை ஊற வைத்து மிதித்து உருண்டை பிடித்தோம். நானும் பிரிசியும் மட்டும்தான் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் எதிர் வீட்டு அம்மா வந்து உட்கார்ந்தார். பிறகு மூலை வீடு. கொழுக்கட்டைக்கு மாவு எடுக்கிற மாதிரி எடுத்து உருட்டினார்கள். என்னிடம் பேசாமலிருந்த பெண்கள். அன்றைக்கும் அதிகம் பேசவில்லை. உருட்டினார்கள், அவ்வளவுதான். எனக்கு அது போதுமாயிருந்தது.

முதல் உருண்டையை மாமாதான் போட்டார். அது கீழே போய் விழும் சத்தம் வர நேரமாயிற்று. பிறகு அடுத்தது, அடுத்தது. ஏழுமலை அண்ணன் கம்பியை இறக்கி இறக்கி இடித்துப் பார்த்தார். அதற்கு மேல் சிமென்ட்டைக் கரைத்து, சின்னக் குழாய் வழியாக அடியிலிருந்தே ஊற்றிக்கொண்டு வந்தார்கள். சாயங்காலம் மேல்மட்டத்துக்கு மண் போட்டு மிதித்தார்கள். எல்லோரும் போன பிறகும் மாமா அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தார். உன் அடக்கத்தன்றும் இப்படித்தான் கடைசியாக நின்றார். நான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன்.

மூடினால் மறுநாளே தண்ணீர் இனித்துவிடும் என்று நினைத்திருந்தோம். ஏறின உப்பு இறங்க நாளாகும், மழை வர வேண்டும், அதுவரை பழைய போரில் இருப்பதை இறைத்து இறைத்து வெளியே விட வேண்டும் என்றார் ஏழுமலை அண்ணன். குடிக்கிற தண்ணீருக்கு என்ன செய்வது? முனிரத்தினம் சொல்லி அனுப்பினார்: நிலத்தின் மேற்குக் கோடியில் இன்னொரு போர் இருக்கிறது, அது இன்னும் நன்றாக இருக்கிறது, மோட்டார் ஓடும்போது வந்து பிடித்துக்கொள்ளுங்கள்.

எவன் வாசலிலும் குடத்தோடு நிற்க மாட்டேன் என்றவள் நீ. நான் போனேன் அக்கா. அம்மா குனிந்து நட்ட வயலின் வரப்பில் குடத்தோடு நடந்து போனேன். அங்கே யாரும் எனக்கு இறைத்து ஊற்றவில்லை. குழாய் ஓடிக்கொண்டிருந்தது, நானே பிடித்துக்கொண்டேன். ஆனாலும் குடத்தை வைத்துவிட்டு நிற்கும்போது உன் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. உனக்குக் கோபமா? போயிருக்கக் கூடாதா? தெருவில் பாதிப் பேர் அங்கேதான் பிடித்தார்கள். நிமிர்ந்து நிற்பதா, குனிந்து வாங்குவதா என்றெல்லாம் யோசிக்க அப்போது மனசில் இடமே இல்லை. இரண்டு வீட்டுக்கும் குடிக்கத் தண்ணீர் வேண்டும்.

ஐப்பசியில் மழை பிடித்தது. மாடித் தண்ணீரைக் குழாய் வைத்துக் கீழே இறக்கி, மண்ணுக்குள் இறங்கட்டும் என்று ஒரு குழிக்குள் விட்டோம். குழியைப் பிரிசிதான் ஆள் வைத்து எடுத்தாள். வாரா வாரம் பழைய போர்த் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்க்கிறோம். கரிப்பு குறைந்திருக்கிறது. டீயில் பால் திரிவதில்லை. பருப்பு இன்னும் முழுசாக வேகவில்லை. முனிரத்தினம் புது நாற்று வாங்கி நட்டிருக்கிறார். பச்சையாகத்தான் நிற்கிறது, அறுப்பு வரைக்கும் தாங்குமா என்று சொல்லத் தெரியவில்லை. எதிர் வீட்டு அம்மா போன வாரம் கறிவேப்பிலை கேட்டு வந்தார். இருக்கிறதை இருக்கிறபடி சொல்கிறேன், நல்ல செய்தியாக ஆக்கிச் சொல்லத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் உட்கார்ந்தேன்.

பின்தெருவில் ஒரு மனை காலியாகக் கிடந்ததே, அதை ஒரு இளம் ஜோடி வாங்கியிருக்கிறார்கள். பொதட்டூர்பேட்டைப் பக்கத்துக்காரர்கள். அந்தப் பையனுக்கு இங்கே கம்பெனி வேலை. போன வியாழக்கிழமை அவர்கள் மனையில் போர் வண்டி வந்து நின்றது. வண்டிச் சத்தம் கேட்டதும் மாமா சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். எனக்குப் பயமாகிவிட்டது. பின்னாலேயே ஓடினேன்.

“எத்தினி அடி போறீங்க?” என்று மாமா கேட்டார்.

“எவ்ளோ ஆழம் போவ முடியுமோ அவ்ளோ போவச் சொல்லிக்கிறேன் சார்,” என்றான் அந்தப் பையன். “எங்க ஊர்ல பாறை. ஆழமா போனாத்தான் சொட்டுத் தண்ணி வரும். மேல நிறுத்தினா புழுதிதான்.”

“உங்க ஊரு பாறைப்பா. இது ஆத்து மணலும் கடல் களியும். இங்க கணக்கே வேற. கருங்களி வந்ததும் நிறுத்திடணும்.”

வண்டிக்காரன் சிரித்தான். “நீங்க யாரு சார், தண்ணி பாக்கறவரா?”

“இல்ல. இதுக்கு முன்னாடி இந்தத் தெருவுல ஆழமா போட்டுக் கெடுத்தவன். பக்கத்துல கேட்டுப் பாரு, எல்லாரும் சொல்லுவாங்க.”

அதைச் சாதாரணமாகச் சொன்னார் அக்கா.

நான் ஷிப்டுக்குப் போக வேண்டியிருந்தது. அன்று மாமா வேலைக்குப் போகவில்லை. வெளியே வரும் மண்ணைக் கையில் வாங்கி வாங்கிப் பார்த்துக்கொண்டு, பகல் முழுக்க வண்டி பக்கத்திலேயே நின்றார். மஞ்சள் களி, பொடி மணல், பருமணல். மழை தூறியது, நகரவில்லை; நான் ஷிப்ட் முடிந்து வந்தபோதும் அங்கேயே நின்றார். கறுப்பு கலந்து சேறு வரத் தொடங்கியதும் கையைத் தூக்கினார். வண்டிக்காரன் முணுமுணுத்தான். அந்தப் பையன் மாமா முகத்தைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான், பிறகு நிறுத்தச் சொல்லிவிட்டான்.

குழாய் இறக்கித் தண்ணீர் தெளிந்து வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பையனின் மனைவி மாசமாக இருக்கிறாள், ஏழோ எட்டோ இருக்கும். முதல் சொம்பைப் பிடித்து மாமாவிடம்தான் கொண்டுவந்தாள். மாமா வாயில் வைத்துப் பார்த்தார். லேசான கரிப்பு இருக்கத்தான் இருக்கும், நாங்கள் ஏற்றிவிட்டதாயிற்றே. மூடாமல் விட்டிருந்தால் அதை நாய் கூடக் குடித்திருக்காது. மிச்சத்தையும் மெதுவாகக் குடித்து முடித்தார்.

“எப்படிக் கீதுங்க?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

“மழை உள்ள எறங்கட்டும், இன்னும் நல்லா ஆய்டும்மா,” என்றார். சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, யாரும் கேட்காமலே, “எங்க ஊட்டுக்காரி பேரு எஸ்தரு. இருந்திருந்தா இந்நேரத்துக்கு உனக்கு வளையல் வாங்க கெளம்பி இருப்பா,” என்றார்.

நீ போனதிலிருந்து உன் பேரை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை அக்கா. ஒரு தெரியாத பெண்ணிடம் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார். எனக்குத் தெரிந்த கதைகள்தான். தெரியாதது போலக் கேட்டுக்கொண்டே வந்தேன்.

இந்தப் பக்கம் இன்னும் காலி மனைகள் இருக்கின்றன. வண்டிகள் வரும். அதில் எத்தனை பேர் கேட்பார்கள், எத்தனை பேர் போய்யா என்பார்கள் என்று தெரியாது. கேட்டு நிறுத்தினாலும், அந்த ஒரு மணல் எத்தனை வீட்டைத்தான் தாங்கும்? எனக்கு விடை தெரியவில்லை. ஆனால் அடுத்த வண்டி வரும்போது மாமாவைத் தனியாக நிற்க விட மாட்டேன். எவ்வளவு களைப்பாக இருந்தாலும், ஷிப்டுக்கு லீவு சொல்லியாவது, அவர் பக்கத்தில் நானும் போய்ச் சேற்றில் நிற்பேன். அந்தப் பெண்ணுக்கு வளையலும் நானே வாங்கிக்கொண்டு போகிறேன். உன் பேரைச் சொல்லித்தான் போட்டுவிடுவேன்.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த தங்கச்சி,
ரூபி